வளாக வைஃபையில் உங்கள் கருவிகளை இணைப்பது எப்படி: பீடோங் வட்டாரத் தோட்டப்புற மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

கெடா மாநிலத்தின் பீடோங்கைச் சுற்றியுள்ள செம்பனை, ரப்பர் தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகள், எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். பள்ளித் தேர்வுகளை முடித்த பிறகு செமிலிங்கிலுள்ள எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்துக்கும், கூலிமிலுள்ள பாலிடெக்னிக்குக்கும், சாங்லுன் மெட்ரிகுலேஷன் கல்லூரிக்கும், சிந்தோக்கிலுள்ள வட மலேசியப் பல்கலைக்கழகத்துக்கும், இன்னும் தொலைவிலுள்ள வளாகங்களுக்கும் போகிறார்கள். பாடப் பதிவு, கால அட்டவணை, விரிவுரைக் குறிப்புகள், இடுபணி ஒப்படைப்பு, பி.டி.பி.டி.என். எனப்படும் உயர்கல்விக் கடன் தொடர்பான படிவங்கள் என எல்லாமே இன்று இணையத்தின் வழியாகவே நடப்பதால், வளாக வைஃபையில் இணைய முடியாத மாணவர் முதல் வாரத்திலேயே பின்தங்கத் தொடங்கிவிடுகிறார். வீட்டில் அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே கல்லூரிக்குப் போயிருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். குடும்பத்திலேயே முதன்முதலாக உயர்கல்விக் கூடத்துக்குச் செல்லும் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு இல்லை. அந்தப் பிள்ளையை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

ஒவ்வொரு வளாகமும் தன் வலைப்பின்னலைத் தன் விருப்பப்படி அமைத்திருக்கும். ஆகவே உங்கள் கல்லூரியின் தொழில்நுட்பப் பிரிவு தரும் குறிப்பே இறுதியானது. அந்தக் குறிப்பு பெரும்பாலும் அரைப்பக்கத்துக்குள் அடங்கிவிடும். எதற்காக எந்தப் பெட்டியை நிரப்பச் சொல்கிறார்கள் என்ற விளக்கம் அதில் இருப்பதில்லை. அந்த விளக்கத்தையும், எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதையும் இங்கே தருகிறேன். மாணவர்கள் பெரும்பாலும் தாண்டிச் செல்லும் ஒரு படியை, அதாவது எதிரே இருப்பது கல்லூரியின் வலைப்பின்னல்தானா என்று காட்டும் மின்னணுச் சான்றிதழைச் சரிபார்க்கும் படியை, மற்ற எல்லாவற்றையும்விட விரிவாகச் சொல்லப் போகிறேன். இணைப்புக் கிடைத்தால் போதும் என்று அதைத் தவிர்ப்பவர்களின் கடவுச்சொல்தான் திருடப்படுகிறது.

வீட்டிலிருந்து புறப்படுவதற்கு முன்

வளாகத்துக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். பதிவு நாளன்று நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இணைய முயல்வார்கள். உதவி முகப்பில் வரிசை நீளும். உங்கள் தோட்டத்தில் கைப்பேசி அலை பலவீனமாக இருந்தால், பட்டணத்துக்கு வரும்போதோ, முன்பு பெடி என்று அழைக்கப்பட்ட நாடி இணைய மையம் அருகில் இருந்தால் அங்கு சென்றோ, கீழ்க்கண்ட வேலைகளை முடித்துவிடலாம்.

முதலில், சேர்க்கைக் கடிதத்துடன் வந்த மாணவர் கணக்கைத் திறந்து செயல்படுத்துங்கள். வைஃபையில் கேட்கப்படும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பெரும்பாலும் இந்தக் கணக்கினுடையவைதான். கணக்கைச் செயல்படுத்தாமலேயே வைஃபையில் இணைய முயன்றால், எத்தனை முறை சரியாகத் தட்டச்சு செய்தாலும் உள்ளே விடாது.

அடுத்தது கடவுச்சொல்லை மாற்றுவது. அடையாள அட்டை எண்ணையே தொடக்கக் கடவுச்சொல்லாகக் கொடுக்கும் கல்வி நிலையங்கள் உண்டு. நமது அடையாள அட்டையின் 12 இலக்கங்களில் முதல் 6 இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த 2 இலக்கங்கள் பிறந்த இடத்தின் குறியீடு, கெடாவில் பிறந்தவர்கள் பலருக்கு அது 02. எஞ்சியிருப்பவை 4 இலக்கங்கள், அவற்றிலும் கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. உங்கள் பிறந்தநாளும் சொந்த ஊரும் தெரிந்த ஒருவர் ஊகிக்க வேண்டியவை 5,000 சாத்தியங்கள் மட்டுமே, அவற்றை ஒரு கணினி நொடிப்பொழுதில் உருவாக்கிவிடும். பதிவுப் படிவங்களிலும் நகல்களிலும் அந்த எண் கைமாறிக்கொண்டே இருக்கிறது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து நீளமான கடவுச்சொல் ஒன்றை அமைத்துக்கொள்ளுங்கள். வேறெந்தக் கணக்கிலும் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

கணக்கைச் செயல்படுத்தும்போது கைப்பேசிக்கு ஒருமுறைக் குறியீடு அனுப்பும் முறை இருந்தால், எந்த எண்ணைப் பதிவு செய்கிறீர்கள் என்பதில் கவனம் தேவை. அப்பாவின் பெயரில் உள்ள சிம் அட்டையின் எண்ணைக் கொடுத்துவிட்டு, அந்தக் கைப்பேசி தோட்டத்திலேயே இருக்க நீங்கள் மட்டும் விடுதிக்குப் போனால், குறியீடு வரும்போதெல்லாம் அப்பா வேலைக்காட்டிலிருந்து திரும்பும்வரை காத்திருக்க நேரும். உங்களுடன் எப்போதும் இருக்கும் எண்ணையே கொடுங்கள்.

பிறகு கைப்பேசியின் இயங்குதளத்தையும் மடிக்கணினியின் விண்டோஸையும் புதுப்பித்துவிடுங்கள். இவை பல நூறு மெகாபைட் முதல் சில கிகாபைட் வரை இழுக்கக்கூடியவை. ப்ரீபெய்ட் டேட்டாவில் இதைச் செய்வது வீண்செலவு. தேதியும் நேரமும் தானாகவே சரிசெய்துகொள்ளும்படி வைத்திருக்கிறீர்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நேரம் தவறாக இருக்கும் கருவி, சரியான சான்றிதழைக்கூடக் காலாவதியானது என்று தள்ளிவிடும்.

கடைசியாக, கல்லூரியின் அதிகாரப்பூர்வ இணையத்தளத்தில் வைஃபை குறித்த பக்கத்தைத் தேடி, பின்வரும் விவரங்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: வலைப்பின்னலின் துல்லியமான பெயர், பயனர் பெயரின் வடிவம், அதாவது மெட்ரிக் எண் எனப்படும் மாணவர் பதிவெண் மட்டுமா, அல்லது அதன்பின் அட் குறியும் நிலையத்தின் முகவரியும் சேர வேண்டுமா என்பது, ஈ.ஏ.பி. எனப்படும் சரிபார்ப்பு முறை எது, அதற்குள் நடக்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு எது. சான்றிதழில் வர வேண்டிய டொமைன் பெயர், அதாவது கல்லூரியின் சரிபார்ப்புக் கணினியின் இணையப் பெயர். உதவி முகப்பின் இடமும் நேரமும். கைப்பேசியில் மட்டும் குறித்து வைத்தால், இணைப்பு இல்லாத நேரத்தில் அந்தப் பக்கத்தைத் திறக்க முடியாமல் போகலாம்.

எந்த வகை வலைப்பின்னல் என்று அறிந்துகொள்ளுதல்

வீட்டு வைஃபையில் எல்லாருக்கும் பொதுவான ஒரே கடவுச்சொல் இருக்கும். வளாகத்தில் நீங்கள் சந்திக்கப்போவது பெரும்பாலும் வேறு இரண்டு வகைகள்.

ஒன்று, நுழைவுப் பக்க வகை. இதில் இணைந்தவுடன் உலாவியில் ஒரு பக்கம் திறந்து பயனர் பெயரைக் கேட்கும். விடுதிகளிலும் விருந்தினர் வலைப்பின்னல்களிலும் இது அதிகம். வைஃபைப் பெயரின் அருகில் பூட்டுக் குறி இல்லாவிட்டால், காற்றில் செல்லும் தரவு அந்த இணைப்பால் மறைக்கப்படுவதில்லை; எச்.டி.டி.பி.எஸ். என்று தொடங்கும் தளங்களின் உள்ளடக்கம் மட்டும் அந்தத் தளங்களின் சொந்தப் பாதுகாப்பால் காக்கப்படுகிறது.

மற்றொன்று, ஆள்தோறும் தனித்தனியாகச் சரிபார்க்கும் நிறுவன வகை. வைஃபைப் பட்டியலிலேயே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்பது இதுதான். டபிள்யூ.பி.ஏ.2 என்டர்பிரைஸ், அல்லது டபிள்யூ.பி.ஏ.3 என்டர்பிரைஸ் என்று திரையில் காட்டும். உங்கள் கருவி கூரையில் உள்ள வைஃபைப் பெட்டியுடன் பேசுகிறது. அந்தப் பெட்டி உங்கள் விவரங்களை ரேடியஸ் எனப்படும் சரிபார்ப்பு வழங்கிக்கு, அதாவது கல்லூரியின் சரிபார்ப்புக் கணினிக்கு, அனுப்புகிறது. வழங்கி ஒப்புக்கொண்டால் உங்களுக்கென்று தனிக் குறியாக்கச் சாவி உருவாகிறது. பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருப்பவர் அதே வைஃபையில் இருந்தாலும் உங்கள் தரவைப் படிக்க முடியாது. இரண்டு வகையும் வளாகத்தில் இருந்தால், தயங்காமல் இந்த வகையையே தேர்ந்தெடுங்கள்.

எடுரோம் என்ற பெயரைக் கண்டால் அதுவும் இந்த இரண்டாம் வகையே. 2003இல் ஐரோப்பாவில் தொடங்கி இன்று 100க்கும் மேற்பட்ட நாடுகளில் இயங்கும் இந்த உயர்கல்விக் கூடங்களின் வைஃபைக் கூட்டமைப்பில் மலேசிய உயர்கல்விக் கூடங்கள் பலவும் இருக்கின்றன. சிந்தோக்கில் படிக்கும் ஒருவர், எடுரோமில் இணைந்திருக்கும் பினாங்கு வளாகம் ஒன்றுக்குப் போட்டிக்காகச் சென்றால், அங்கே யாரிடமும் கடவுச்சொல் கேட்காமல் தன் சொந்தக் கணக்கிலேயே இணையம் பெறலாம். அங்குள்ள வழங்கி, உங்கள் பயனர் பெயரில் அட் குறிக்குப் பின்னால் உள்ள முகவரியைப் பார்த்துத்தான் உங்கள் கோரிக்கையைச் சொந்தக் கல்லூரிக்கு அனுப்புகிறது. அந்தப் பின்பகுதி இல்லாமல் வெறும் மெட்ரிக் எண்ணைக் கொடுத்தவர்களுக்குச் சொந்த வளாகத்தில் சில வேளை இணைப்புக் கிடைத்துவிடும், வெளியூரில் கிடைக்காது. எனவே எடுரோமுக்கு எப்போதும் முழு வடிவத்தையே எழுதுங்கள். வெளியே போவதற்கு முன் சொந்த வளாகத்திலேயே ஒருமுறை இணைத்துச் சோதித்துவிடுங்கள்.

சான்றிதழ்: தாண்டிச் செல்லக் கூடாத படி

வைஃபையின் பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். நூலகத்தில் அமர்ந்திருக்கும் ஒருவர் தன் மடிக்கணினியில் உங்கள் கல்லூரி வைஃபையின் அதே பெயரில் ஒரு போலி வலைப்பின்னலைத் திறந்தால், உங்கள் கைப்பேசி பெயரை மட்டும் நம்பி அதனுடன் இணைய முயலும். அந்த முயற்சியின்போது அது அனுப்பும் சரிபார்ப்புத் தகவல் திருடனின் கையில் சிக்கும். பல வளாகங்களில் இன்றும் பயன்படும் எம்.எஸ்.சாப்.வி.2 என்ற சரிபார்ப்பு முறை அதற்குள் கடவுச்சொல்லை மறைத்தே அனுப்புகிறது என்றாலும், அந்த மறைப்பை உடைப்பது டெஸ் என்ற பழைய குறியாக்க முறையின் 56 பிட் சாவி ஒன்றை உடைப்பதற்குச் சமம் என்று 2012ஆம் ஆண்டு டெஃப்கான் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டிலேயே செயல்முறையாகக் காட்டப்பட்டது. டி.டி.எல்.எஸ். என்ற ஈ.ஏ.பி. முறையுடன் பி.ஏ.பி. என்ற இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு பயன்படும் வளாகமானால் நிலைமை இன்னும் மோசம்: போலி வழங்கியை ஏற்றுக்கொண்ட அந்தக் கணமே கடவுச்சொல் அப்படியே அதன் கைக்குப் போய்விடும்.

இதற்கான காப்புதான் சான்றிதழ். சீட்டுப் பணம் வாங்க வந்தவர் உண்மையிலேயே சீட்டு நடத்துபவர் அனுப்பிய ஆள்தானா என்று உறுதிசெய்துகொண்ட பிறகே வீட்டார் பணத்தை நீட்டுவதுபோல, எதிரே இருப்பது உங்கள் கல்லூரியின் வழங்கிதானா என்று கருவி உறுதிசெய்துகொண்ட பிறகே கடவுச்சொல் வெளியே போக வேண்டும். அதற்குக் கருவிக்கு இரண்டு விவரங்கள் தெரிந்திருக்க வேண்டும்: சான்றிதழை வழங்கிய அமைப்பு எது, சான்றிதழில் உள்ள டொமைன் பெயர் எது. இரண்டாவதைக் கொடுக்காமல் முதலாவதை மட்டும் கொடுப்பது போதாது, ஏனென்றால் அதே அமைப்பிடமிருந்து வேறொருவரும் தன் சொந்த டொமைனுக்குச் சான்றிதழ் வாங்கியிருக்கலாம்.

இவற்றையெல்லாம் கையால் நிரப்பாமல் தானாகவே அமைத்துத் தரும் வழியும் உண்டு. எடுரோமில் உள்ள பல நிலையங்கள் கெட்எடுரோம் என்ற செயலியின் மூலம் தங்கள் அமைப்பை வழங்குகின்றன. செயலியில் உங்கள் நிலையத்தின் பெயரைத் தேடித் தேர்ந்தெடுத்து, பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால், சான்றிதழும் டொமைனும் சரியாகப் பதிந்துவிடும். உங்கள் நிலையத்தின் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தால், அதையே முதல் வழியாகக் கொள்ளுங்கள். இந்தச் செயலியை வீட்டிலிருக்கும்போதே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. பட்டியலில் பெயர் இல்லையென்றால் மட்டும் கீழ்வரும் கைமுறை அமைப்புக்கு வாருங்கள்.

ஆண்ட்ராய்டு கைப்பேசியில்

திரை ஆங்கிலத்தில் இருப்பதாகக் கொண்டு பெட்டிகளின் பெயர்களைச் சொல்கிறேன். கைப்பேசியை மலாயில் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸ் என்ற இடத்தில் தெத்தாப்பான் என்றும், பாஸ்வேர்ட் என்ற இடத்தில் காத்தா லாலுவான் என்றும், சர்டிஃபிகேட் என்ற இடத்தில் சிஜில் என்றும் காண்பார்கள். கைப்பேசி நிறுவனத்தைப் பொறுத்து பெட்டிகளின் வரிசை சற்று மாறும்.

செட்டிங்ஸில் வைஃபைப் பகுதிக்குச் சென்று, நீங்கள் எழுதி வைத்திருக்கும் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத் தொடுங்கள். ஈ.ஏ.பி. மெத்தட் என்ற இடத்தில் கல்லூரி சொன்ன முறையைத் தேர்ந்தெடுங்கள். பீப் என்பதே அதிகம் காணப்படுவது. ஃபேஸ் 2 என்ற இடத்தில் பெரும்பாலும் எம்.எஸ்.சாப்.வி.2 வரும். அடுத்து சி.ஏ. சர்டிஃபிகேட் என்ற பெட்டி வருகிறது. பழைய கைப்பேசிகளில் டோன்ட் வேலிடேட் என்றொரு தேர்வு இருந்தது, அதாவது சரிபார்க்கவே வேண்டாம் என்பது. ஆண்ட்ராய்டு 11 காலத்தில் தொடங்கி இந்தத் தேர்வு நீக்கப்பட்டு வருகிறது. உங்கள் கைப்பேசியில் அது இன்னும் இருந்தாலும் தொடாதீர்கள். மூத்த மாணவர் ஒருவர் அதையே தேர்ந்தெடுக்கச் சொன்னாலும் வேண்டாம். யூஸ் சிஸ்டம் சர்டிஃபிகேட்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால், கீழே டொமைன் என்ற பெட்டி தோன்றும். தாளில் எழுதி வைத்த டொமைனை அதில் நிரப்புங்கள். டொமைன் காலியாக இருக்கும்வரை புதிய கைப்பேசிகளில் கனெக்ட் பொத்தான் செயல்படாது, பலர் இந்த இடத்தில்தான் கைப்பேசி பழுது என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். கல்லூரி தன் சொந்தச் சான்றிதழ்க் கோப்பை இறக்கிக்கொள்ளச் சொல்லியிருந்தால், அதை வைஃபை சர்டிஃபிகேட் என்ற வகையில் முதலில் நிறுவிவிட்டு, சிஸ்டம் சர்டிஃபிகேட்ஸ் என்பதற்குப் பதில் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆண்ட்ராய்டு 13 முதல் ட்ரஸ்ட் ஆன் ஃபர்ஸ்ட் யூஸ் என்ற தேர்வும் சில கைப்பேசிகளில் கிடைக்கிறது. முதல்முறை இணையும்போது சான்றிதழை உங்களிடம் காட்டி ஒப்புதல் கேட்டு, பிறகு அதையே நினைவில் வைத்துக்கொள்ளும் முறை இது. காட்டப்படும் விவரத்தை உங்கள் தாளுடன் ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு இது பாதுகாப்பானதே. பார்க்காமல் ஒப்புக்கொள்பவருக்குப் பயனில்லை.

ஐடென்டிட்டி என்பதில் முழுப் பயனர் பெயரையும், பாஸ்வேர்ட் என்பதில் கடவுச்சொல்லையும் தட்டச்சு செய்யுங்கள். பயனர் பெயரின் கடைசியில் விசைப்பலகை தானாகச் சேர்க்கும் இடைவெளியும், முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக மாற்றும் வழக்கமும் பல தோல்விகளுக்குக் காரணம். அனானிமஸ் ஐடென்டிட்டி என்ற பெட்டியைப் பற்றிக் கல்லூரி எதுவும் சொல்லவில்லை என்றால் காலியாக விடுங்கள்.

ஐபோனிலும் மேக் கணினியிலும்

இங்கே பெட்டிகள் குறைவு. பெயரைத் தொட்டு, பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தவுடன் சான்றிதழ் ஒன்று திரையில் வரும், அதில் நாட் ட்ரஸ்டட் என்ற சொற்களும் ட்ரஸ்ட் என்ற பொத்தானும் இருக்கும். உண்மையான சான்றிதழுக்கும் இந்த எச்சரிக்கை வரும் என்பதால், எச்சரிக்கையை மட்டும் வைத்து உண்மையா போலியா என்று முடிவுசெய்ய முடியாது. மோர் டீடெய்ல்ஸ் என்பதைத் தொட்டுப் பெயரையும் வழங்கிய அமைப்பையும் தாளுடன் ஒப்பிடுங்கள். பொருந்தினால் மட்டும் ட்ரஸ்ட் கொடுங்கள். ஏற்கெனவே பல வாரங்களாக இணைந்திருக்கும் வலைப்பின்னலில் திடீரென்று இந்தத் திரை மறுபடி வந்தால், கல்லூரி சான்றிதழைப் புதுப்பித்திருக்கலாம், அல்லது அருகில் போலி ஒன்று இருக்கலாம். கல்லூரி அறிவிப்பைப் பார்த்து உறுதிசெய்யும்வரை ரத்து செய்துவிடுவதே முறை.

வைஃபை அமைப்புகள் அடங்கிய ப்ரொஃபைல் கோப்பைக் கல்லூரி கொடுத்தால் அதை நிறுவுவது இதைவிடச் சிறந்தது. கோப்பை இறக்கியபின் செட்டிங்ஸின் மேற்பகுதியில் தோன்றும் ப்ரொஃபைல் டவுன்லோடட் என்பதைத் தொட்டு நிறுவலாம்.

விண்டோஸ் மடிக்கணினியில்

திரையின் கீழ் வலது மூலையில் வைஃபைக் குறியைத் தொட்டு, பெயரைத் தேர்ந்தெடுத்து, விவரங்களைக் கொடுத்தவுடன், இந்த இடத்தில் இந்த வலைப்பின்னலை எதிர்பார்க்கிறீர்களா என்ற கேள்வி வரும். அதன் அருகில் சான்றிதழ் விவரங்களைக் காட்டும் இணைப்பு இருக்கும். விண்டோஸ் பெரும்பாலும் கைரேகை எனப்படும் நீண்ட எண்ணெழுத்து வரிசையைக் காட்டும். கல்லூரி அதை வெளியிட்டிருந்தால் தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள சில எழுத்துகளையேனும் ஒப்பிடுங்கள். வெளியிடவில்லை என்றால், வளாகத்துக்குள், தொழில்நுட்பப் பிரிவின் அலுவலகத்துக்கு அருகில் முதல் இணைப்பைச் செய்துகொள்வது ஆபத்தைக் குறைக்கும்.

வேறொரு நிறுவனம் கொடுத்த, அல்லது இரண்டாம் கையாக வாங்கிய மடிக்கணினியில் விண்டோஸ் 11இன் என்டர்பிரைஸ் அல்லது எஜுகேஷன் பதிப்பு இருந்தால் ஒரு குறிப்பு: 22எச்2 பதிப்பிலிருந்து, தகுதியுள்ள இத்தகைய கணினிகளில் கிரெடென்ஷியல் கார்ட் என்ற காப்பு இயல்பாகவே இயங்குகிறது. கணினியில் உள்நுழைந்த அதே விவரத்தை வைத்துத் தானாக வைஃபையில் இணையும் எம்.எஸ்.சாப்.வி.2 முறையை அது தடுத்துவிடும். கடவுச்சொல்லைத் தனியே தட்டச்சு செய்து இணைவதே அங்கு வழி.

நுழைவுப் பக்கம் திறக்காதபோது

நுழைவுப் பக்க வகையில் இணைந்தும் பக்கம் வரவில்லை என்பது விடுதிகளில் அடிக்கடி கேட்கும் குறை. கருவி ஒரு சோதனை முகவரியை அழைத்துப் பார்த்து, அது வேறிடத்துக்குத் திருப்பப்பட்டால்தான் நுழைவுப் பக்கம் இருப்பதை உணர்கிறது. ஆண்ட்ராய்டில் ப்ரைவேட் டி.என்.எஸ். என்ற அமைப்பில் குறிப்பிட்ட வழங்கி ஒன்றை நிரந்தரமாக வைத்திருந்தாலோ, வி.பி.என். செயலி எப்போதும் இயங்கிக்கொண்டிருந்தாலோ, அந்தத் திருப்பல் நடக்காது. விளம்பரங்களைத் தடுப்பதற்காக எப்போதோ செய்த மாற்றம் பலருக்கு மறந்தே போயிருக்கும். அவற்றை அணைத்துவிட்டு, நெவர்எஸ்எஸ்எல்.காம் (neverssl.com) போன்ற குறியாக்கம் இல்லாத எச்.டி.டி.பி. தளம் ஒன்றை உலாவியில் திறந்தால் நுழைவுப் பக்கம் வந்துவிடும். உள்ளே நுழைந்தபின் அவற்றை மீண்டும் இயக்கிக்கொள்ளலாம். கடவுச்சொல் கேட்கும் அந்தப் பக்கத்தின் முகவரி எச்.டி.டி.பி.எஸ். உடன் தொடங்குகிறதா, நிலையத்தின் பெயர் அதில் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

தொலைக்காட்சி, அச்சுப்பொறி, சொந்த ரவுட்டர்

தொலைக்காட்சிப் பெட்டி, விளையாட்டுக் கருவி, அச்சுப்பொறி ஆகியவற்றில் பல, நிறுவன வகை வைஃபையை ஏற்பதில்லை. சில வளாகங்கள் இவற்றின் மேக் எண்ணை, அதாவது கருவிக்கு உரிய வலைப்பின்னல் அடையாள எண்ணை, பதிவு செய்ய ஒரு படிவம் வைத்திருக்கும். இல்லாவிட்டால் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டே வழி.

வீட்டிலிருந்து பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து விடுதிச் சுவரிலுள்ள கம்பித் துளையில் செருகுவதை மட்டும் செய்யாதீர்கள். ரவுட்டரின் தவறான துளையில் கம்பியைச் செருகிவிட்டால், அது அந்தத் தளம் முழுவதுக்கும் தன் சொந்த ஐ.பி. முகவரிகளைக் கொடுக்கத் தொடங்கும். மாடியில் உள்ள அனைவருக்கும் இணையம் நின்றுபோகும். தொழில்நுட்பப் பிரிவினர் அந்தத் துளையைக் கண்டுபிடித்து மூடுவதுடன், கல்லூரி விதிப்படி நடவடிக்கையும் எடுக்கலாம்.

இணைப்புக் கிடைக்காவிட்டால்

முதலில், கைப்பேசியிலும் கணினியிலும் அந்த வலைப்பின்னலை ஃபர்கெட் கொடுத்து நீக்கிவிட்டு, நேரத்தைச் சரிபார்த்து, புதிதாக இணையுங்கள். பழைய தவறான அமைப்பு நினைவில் இருக்கும்வரை, கடவுச்சொல்லை மட்டும் மாற்றிக் கொடுப்பது உதவாது.

அதே பயனர் பெயரால் மாணவர் இணையத்தளத்தில் கைப்பேசி டேட்டா வழியாக நுழைய முடிகிறதா என்று அடுத்துப் பாருங்கள். முடியவில்லை என்றால் குறை வைஃபையில் இல்லை, கணக்கில் இருக்கிறது. கணக்குப் பூட்டப்படுவதற்கு ஒரு காரணத்தை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். நீங்கள் கடவுச்சொல்லை மாற்றும்போது, உங்கள் கைப்பேசியில் மட்டும் புதியதைக் கொடுத்துவிட்டு, பைக்குள் இருக்கும் பழைய கைப்பேசியையோ டேப்லெட்டையோ மறந்துவிடுகிறீர்கள். அந்தக் கருவி வளாகத்துக்குள் நுழைந்ததும் பழைய கடவுச்சொல்லை மீண்டும் மீண்டும் அனுப்பிக்கொண்டே இருக்கும். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் தவறான முயற்சி வந்தால் கணக்கைப் பூட்டும்படி பல நிலையங்கள் அமைத்திருப்பதால், உதவி முகப்பில் கணக்கைத் திறந்துவிட்ட சிறிது நேரத்திலேயே மறுபடியும் பூட்டிக்கொள்ளும். மாணவருக்குக் காரணம் புரியாது. முகப்பில் இருப்பவருக்கும் அவருடைய பைக்குள் இருக்கும் கருவி தெரியாது. கடவுச்சொல்லை மாற்றுவதற்கு முன் எல்லாக் கருவிகளிலும் வைஃபையை அணைத்துவிட்டு, மாற்றியபின் ஒவ்வொன்றாகப் புதியதைக் கொடுத்து இயக்குவதே சரியான வரிசை.

கருவிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கும் வளாகங்களிலும், மேக் எண்ணைப் பதிவு செய்யச் சொல்லும் வளாகங்களிலும் வேறொரு சிக்கல் வரும். ஆண்ட்ராய்டு 10 முதலும், ஐ.ஓ.எஸ். 14 முதலும், கைப்பேசிகள் தம் உண்மையான மேக் எண்ணுக்குப் பதிலாக ஒவ்வொரு வலைப்பின்னலுக்கும் ஒரு மாற்று எண்ணையே இயல்பாகக் காட்டுகின்றன. கைப்பேசிப் பெட்டியில் அச்சிட்டுள்ள எண்ணைப் பதிவு செய்தவருக்கு இணைப்புக் கிடைக்காததற்கு இதுவே காரணம். கல்லூரி கேட்டால் மட்டும், அந்த ஒரு வலைப்பின்னலுக்கு, ஆண்ட்ராய்டில் யூஸ் டிவைஸ் மேக் என்றும், ஐபோனில் ப்ரைவேட் வைஃபை அட்ரஸ் என்பதை அணைத்தும் வையுங்கள். மற்ற இடங்களில் அந்த மறைப்பு உங்களுக்கு நன்மையே.

இணைந்தும் மிக மெதுவாக இருந்தால், நீங்கள் எந்த அலைவரிசையில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டித் தொலைவு செல்லும், ஆனால் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் அதில் மூன்றுதான், 1, 6, 11; விடுதியில் ஒவ்வோர் அறையிலும் ஹாட்ஸ்பாட் இயங்கினால் அவை நிரம்பிவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சிமெண்டுச் சுவரைத் தாண்டியதும் பலவீனமாகும். கதவைத் திறந்து வைப்பது, மேசையை நடைகூடத்துப் பக்கம் நகர்த்துவது போன்ற சிறு மாற்றங்களே பல அறைகளில் போதுமானவை. இரவு உணவுக்குப் பின் எல்லாரும் ஒரே நேரத்தில் இணைவதால், பெரிய கோப்புகளை அதிகாலையில் இறக்குவது நல்லது.

இவ்வளவும் செய்தும் முடியவில்லை என்றால் உதவி முகப்புக்குச் செல்லுங்கள். வைஃபை வேலை செய்யவில்லை என்று மட்டும் சொல்லாமல், கருவியின் வகை, இயங்குதளப் பதிப்பு, எந்தக் கட்டடத்தில், எந்த நேரத்தில் முயன்றீர்கள், திரையில் வந்த செய்தி என்ன என்பவற்றைச் சொன்னால், வழங்கியின் பதிவேட்டில் அந்த நேரத்தைத் தேடி அவர்களால் உடனே காரணம் காண முடியும். பிழைச் செய்தியைப் படமெடுத்து வைத்திருங்கள், ஆனால் அந்தப் படத்தில் கடவுச்சொல் தெரியக் கூடாது. கைப்பேசியை அவர்களிடம் நீட்டினாலும் கடவுச்சொல்லை நீங்களே தட்டச்சு செய்யுங்கள்.

அறைத்தோழருக்காக உங்கள் பயனர் பெயரைக் கொடுத்து உதவுவது நல்ல எண்ணத்தில் செய்வதுதான். ஆயினும் அந்தக் கருவியிலிருந்து நடப்பவை எல்லாம் உங்கள் மெட்ரிக் எண்ணின் கீழ்தான் பதிவாகும். அதே கடவுச்சொல் உங்கள் மின்னஞ்சலையும் மதிப்பெண்களையும் திறந்துவிடும். அவர் கணக்கில் என்ன தடை என்று அவருடன் முகப்புவரை நடந்து செல்வது அதைவிடப் பெரிய உதவி.

பழைய கைப்பேசியை விற்கும்போதோ, தம்பி தங்கைக்குக் கொடுக்கும்போதோ, முதலில் வளாக வலைப்பின்னலையும் நிறுவிய ப்ரொஃபைலையும் நீக்கி, பிறகு கருவியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புங்கள். படிப்பு முடிந்து கணக்கு மூடப்படும் தேதியைக் கல்லூரி அறிவித்தவுடன், மாணவர் கணக்கின் சேமிப்பில் உள்ள இடுபணிகளையும் சான்றிதழ் நகல்களையும் சொந்தக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு வைஃபையுடன் சேர்ந்து அந்தக் கோப்புகளும் உங்களுக்குத் திறக்காமல் போகலாம்.